தலைக்கட்டு வரி

சென்ற வைகாசியில் காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தேன். பட்டு வாங்குவதற்காகவும் அல்ல, பெருமாளைச் சேவிப்பதற்காகவும் அல்ல. உறவில் ஒரு கல்யாணம். மாலையில் வரவேற்பு முடிந்து, பாட்டுக் கச்சேரி தொடங்குகிற நேரத்தில், பந்தலில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “எங்க ஊர்ல பாரதம் நடக்குதுங்க. இன்னிக்கு ராத்திரி கர்ண மோட்சம்.” அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்காரர்களிடம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிவிட்டு அவரோடு கிளம்பிவிட்டேன்.

திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே அறுவடையான நிலத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. என் பால்யத்தில் பெட்ரோமாக்ஸ் இருந்த இடத்தில் இப்போது மின்சார விளக்குகள். கோரைப் பாயோடு பிளாஸ்டிக் நாற்காலிகளும் சேர்ந்திருந்தன. மற்றபடி எதுவும் மாறவில்லை. முகவீணை அதே கூர்மையோடு இருட்டைக் கிழித்தது. கட்டியக்காரனுடைய விகடத்துக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் பத்து வயதுக்குட்பட்டவர்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், ஆடுகிறவரின் சலங்கைப் புழுதி மேலே படுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தச் சபாவிலும் அது மிக உயர்ந்த விலையுள்ள இடம். இங்கே அது குழந்தைகளுக்கு, காசில்லாமல்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவராம். கண் மங்கியபிறகு மகளோடு இந்த ஊருக்கு வந்துவிட்டாராம். அவருடைய பேத்தி முன்வரிசையில் இருந்தாள். கர்ணன் வேஷக்காரர் கிறுகிறுவென்று சுழன்று நின்றபோது அந்தப் பெண் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் அதட்டி உட்கார வைத்தார்கள்.

நான் பெரியவரிடம், “பள்ளிக்கூடத்தில் இவர்களுக்கெல்லாம் இந்தக் கூத்தைக் கற்றுக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!” என்றேன். எழுத்தாளன் அல்லவா? அந்தமாதிரி சமயத்தில் அந்தமாதிரி ஒரு வாக்கியம் வாயில் தானே வந்துவிடுகிறது.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஐயா, நான் எட்டு வயசுல தறியில உட்கார்ந்தேன். எங்கப்பா நெய்வாரு, நான் கரை நாடா போடுவேன். பன்னெண்டு வருசம். வெளியூர்லருந்து வர்றவங்க எல்லாம் பார்த்துட்டு, ‘ஆகா, என்ன கலை!’ன்னுவாங்க. எனக்கு முதுகு வலிக்கும். அந்த வலிக்குப் பேருதான் கலையா?” என்றார்.

சற்று நேரம் கழித்து, அவரே தொடர்ந்தார்: “என் பேத்தி தறிக்கு வரக் கூடாது. அதுல எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது. ஆனா, பட்டுன்னா என்ன, கோர்வைன்னா என்னன்னு தெரியாத பொண்ணாவும் அவ ஆயிடக் கூடாது. படிச்சவரா இருக்கீங்களே, ரெண்டுக்கும் நடுவுல வழி இருந்தா சொல்லுங்க.”

கர்ண மோட்சம் விடியும்வரை நடந்தது. எனக்கு வழி ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை மாதங்களாக அது என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெரியவர் சொன்னதைத் தட்டிக் கழிக்க முடியாது. காஞ்சிப் பட்டின் அழகே, உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக, இரண்டும் பிரியாமல் கோத்துக்கொண்டிருப்பதுதான். அதைத்தான் கோர்வை என்கிறார்கள். கல்யாணப் பந்தலில் நாம் தடவிப் பார்த்து மெச்சுகிற அந்தச் சேர்க்கைக்கு, தறியில் நெய்கிறவரைத் தவிர இன்னொரு ஆளும் வேண்டும். கரை நாடாவை ஒரு பக்கத்திலிருந்து போட்டுக் கொடுக்க வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இன்னொரு ஆள் ஒரு குழந்தை. அவன் சொந்தப் பிள்ளையாக இருந்தால் குடும்ப வழக்கம். அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால், அவனுடைய தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடு. குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. அப்படியும், 2003-ல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ‘ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச்’ என்ற உலக அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம் பெற்றிருந்தது. பிறகு அதிகாரிகளும் தொண்டர்களும் நெசவாளர்களுமே பாடுபட்டுப் பெரும்பாலான பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அது பெரிய புண்ணிய காரியம். இதில் எனக்கும் இரண்டு பேச்சு கிடையாது.

ஆக, காஞ்சிக் குழந்தைகளுக்குக் கலை எட்டாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அது அவர்கள் கழுத்தை இறுக்கிக்கொண்டு அல்லவா இருந்தது? “குழந்தைகளுக்குக் கலையைக் கொடுங்கள்” என்று மேடையில் பேசுகிறவன், முதலில் இந்த ஊரின் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

கூத்தின் கதையும் இதுவேதான். கூத்தாடியின் பிள்ளை இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் தூங்கி, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜமாவில் சேர்ந்துவிடுவான். வேறு என்ன செய்வான்? காஞ்சி வட்டாரத்தின் பெரிய கூத்துக் கலைஞரான பி. ராஜகோபால் இப்படிப் பத்து வயதுவாக்கில் பள்ளியை விட்டு வேஷம் கட்டியவர்தான். கட்டையால் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து ஆடுவதனால் இதைக் கட்டைக்கூத்து என்று சொல்ல வேண்டும், வெறும் தெருவோடு சேர்த்துச் சொல்லக் கூடாது என்று வற்புறுத்தி வந்தவர் அவர். 1990-ல் கலைஞர்களைச் சேர்த்துக் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார். பிறகு, டச்சு நாட்டிலிருந்து இந்தக் கூத்தை ஆராய வந்து அவரை மணந்துகொண்ட ஹன்னே டி புரூயினும் அவருமாக, காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் ஒரு குருகுலம் தொடங்கினார்கள்.

அந்தக் குருகுலத்தின் ஏற்பாடு மிகவும் எளிமையானது. பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள். கூத்தும் உண்டு, பாடப் புத்தகமும் உண்டு. அடவும் படிப்பார்கள், கணக்கும் படிப்பார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் குழந்தைகளும் துரியோதனனாகவும் அர்ச்சுனனாகவும் வேஷம் கட்டினார்கள். பதினெட்டு ஆண்டுகள் நடந்து, 2020-ல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. பாரதப் போர் நடந்த நாட்களும் பதினெட்டு. குருகுலம் நடந்த ஆண்டுகளும் பதினெட்டு என்று எண்ணி வேதனைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் வேதனையைவிட அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கலை ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்யவில்லை; கலைக்காகத் தன் படிப்பை விலையாகக் கொடுக்க நேர்ந்ததுதான் தீங்கு என்று அந்தப் பதினெட்டு ஆண்டுகள் கண் முன்னால் காட்டிவிட்டன. விலையை வேறு யாராவது கொடுத்துவிட்டால், அதே கூத்து அதே குழந்தைக்கு வரமாகிவிடுகிறது.

அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ என்ற நூலின் கடைசிப் பகுதியில் இந்த விஷயத்தை அலசுகிறார். குழந்தைகளுக்குச் சங்கீதம் கற்றுக் கொடுக்க வேண்டும் என்கிறார். பிழைப்புக்குப் பயன்படும் என்பதற்காக அல்ல, ஓய்வை நல்ல முறையில் செலவிடத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் போட்டிகளில் வித்தை காட்டுகிற அளவுக்குப் போகக் கூடாதாம். அது கூலிக்காரன் வேலையாகிவிடுமாம். முதல் பாதி எனக்குச் சம்மதம். இரண்டாவது பாதியில், அடிமைகள் வேலை செய்ய, எஜமானர்கள் ரசித்த ஒரு நகரத்தின் வாடை அடிக்கிறது. கூலிக்கு ஆடுகிறவன் தாழ்ந்தவன் என்று அவர் நினைத்தார். புஞ்சரசந்தாங்கலில் பயின்ற ஒரு பெண் நாளைக்குக் கூத்தையே தொழிலாகக் கொண்டால் அதில் என்ன இழிவு? அவள் கணக்கெழுதப் போனாலும் இழிவில்லை. கூத்தாடப் போனாலும் இழிவில்லை. இரண்டு கதவும் திறந்திருந்து, அவளே ஒன்றில் நுழைந்தாளா என்பதுதான் கேள்வி. தறியில் உட்கார்ந்த எட்டு வயதுப் பையனுக்கு ஒரே கதவு. அதுவும் வெளியே தாழிட்டது. இன்றைக்குப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற எட்டு வயதுப் பையனுக்கும் ஒரே கதவுதான். அது வேறு தெருவில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

சரி, இரண்டு கதவையும் திறந்து வைக்கிற செலவு யாருடையது?

“பெற்றோருடையது” என்று நாம் வாயால் சொல்வதில்லை. ஆனால் நடைமுறையில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன். என் மகள் ஆறு வருஷம் வீணை கற்றுக்கொண்டாள். டீச்சர் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கு ஒரு பெண், அதே வயது. அந்த இரண்டு நாளும் அவள் எப்படியோ அம்மாவோடு வந்துவிடுவாள். கூடத்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் என் மகள் ஒரு வர்ணத்தில் தடுமாறியபோது, படியிலிருந்து அந்த ஸ்வரம் சுத்தமாக வந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்து, “இந்தக் குழந்தையும் உட்காரட்டுமே, நான் சம்பளம் கேட்கவில்லை” என்றார். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. ‘ஆகட்டும்’ என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் வரவில்லை. மௌனத்தின் அர்த்தம் அவளுடைய தாய்க்குப் புரிந்துவிட்டது.

பதினைந்து வருஷமாயிற்று. என் மகள் இப்போது வீணையைத் தொடுவதில்லை. அது உறை போட்டு அலமாரிக்கு மேலே இருக்கிறது. கலையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று விட்டுவிட்டால், வேண்டுகிறவளுக்குக் கிடைக்காமல், வேண்டாதவளிடம் போய் உறைக்குள் தூங்கும். இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. அலமாரியைப் பார்த்துச் சொல்கிறேன்.

“சர்க்கார் செய்யட்டும்” என்பது இரண்டாவது பதில். சர்க்கார் செய்யாமலும் இல்லை. 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அந்தச் சம்பளத்தில் ஒரு பாட்டு வாத்தியார் எப்படிக் குடும்பம் நடத்துவார் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2022-லிருந்து பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பறையும் ஒயிலும் கரகமும் பள்ளி மேடை ஏறியிருப்பது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே கற்றவர்களில் யார் கெட்டி என்று பார்ப்பது. கற்காதவனுக்கு அது கைதட்டுகிற வேலையை மட்டும்தான் கொடுக்கும். கற்பிக்க ஒரு மனிதர் வேண்டும். அவர் வாரந்தோறும் வர வேண்டும். சர்க்காரின் உத்தரவு மாவட்டத் தலைநகர் வரைக்கும் வேகமாக வருகிறது. கடைசி மூன்று மைலை ஊர்தான் கடந்து வந்து கைப்பிடித்து அழைத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு இது புதிதா? அந்த இரவில் நான் பார்த்த கூத்துக்கு யார் பணம் கொடுத்தது? டிக்கெட் இல்லை, புரவலர் பெயர் தாங்கிய பலகையும் இல்லை. தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று கூடிப் பேசி, வீடு வீடாக வசூலிக்கிறார்கள். கூத்துப் பார்க்க வராதவனும் கொடுக்கிறான். குழந்தை இல்லாதவனும் கொடுக்கிறான். ‘என் பிள்ளை பார்க்கப் போவதில்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. படித்த நாம் வசிக்கிற அடுக்குமாடியில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்போம்.

பள்ளிக்கூடத்துக்கும் ஊர் கொடுத்ததுண்டு. காஞ்சி வட்டாரத்தில் நெய்யாடுபாக்கம் என்ற சிற்றூரில் 1912-ல் பிறந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தார். 1956-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியபோது, முதலில் அது ஊரார் தரும் அரிசியிலும் காசிலும்தான் நடந்தது. அரசு பிறகு பங்கு சேர்த்தது. 1958-லிருந்து அவர் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டினார். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை என்று முடிந்ததை முடிந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். வயிற்றுக்கும் கூரைக்கும் கொடுத்த அதே கைகள், பாட்டுக்கும் கூத்துக்கும் கொடுக்கத் தயங்குவானேன்? ‘அவை அவசியம், இது அலங்காரம்’ என்று நாம் பிரித்து வைத்திருப்பதுதான் காரணம். ஆனால் பாரதத்துக்கு வரி வசூலிக்கிற கிராமம் அதை அலங்காரம் என்று கருதவில்லை. அந்த ஊரில் வயிறு நிறைந்த வீடுகள் அதிகம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ஊர் என்றால் உத்தமம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. யாரிடம் வரி வாங்குவது, யாரிடம் வாங்காமல் ஒதுக்கி வைப்பது, யார் பாயில் உட்காருவது, யார் வேலிக்கு அப்பால் நிற்பது என்று தீர்மானித்ததும் இதே ஊர்தான். அன்று இரவு ஆடிய கதையை நினைத்துப் பாருங்கள். கர்ணனுடைய துக்கம் என்ன? வித்தை அவனுக்கு வேண்டியிருந்தது. பிறப்பைக் காட்டி வாசலை அடைத்தார்கள். விடிய விடிய அதற்காகக் கண்ணீர் விடுகிற ஊர், தன் கர்ணன்களை அடையாளம் கண்டுகொண்டதா? நானே என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுகொள்ளவில்லையே!

ஆகவேதான் ஊரின் கொடை பள்ளிக்கூடத்தின் வழியாகப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். வீடு மறுக்கிற பிள்ளைக்கும், ஊர் ஒதுக்குகிற பிள்ளைக்கும் ஒரே பெஞ்சு போடுகிற இடம் அது ஒன்றுதான். காஞ்சியிலேயே இதற்குச் சான்று உண்டு. டி. கே. பட்டம்மாள் 1919-ல் அங்கே பிறந்தவர். பக்கத்துத் தாமல் அவர்கள் பூர்வீகம். லயத்தில் சிங்கமான நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளை அந்த ஊரில் கேட்டு வளர்ந்தவர். ஆனால் கௌரவமான குடும்பத்துப் பெண் பலர் முன்னால் பாடக் கூடாது என்பது அன்றைய வழக்கம். அவர் படித்த பள்ளியின் தலைமையாசிரியை அந்தக் குரலின் அருமையை உணர்ந்து, வீட்டாரிடம் எடுத்துச் சொல்லி வழி திறக்கக் காரணமாக இருந்தார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரில் சங்கீதம் நிறைந்து வழிந்தது. வீட்டில் அன்பும் இருந்தது. அப்படியும் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை குறுக்கே வந்து பேச வேண்டியிருந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. காஞ்சி வட்டாரத்தில் வேஷம் கட்டி ஓய்ந்த கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சனிக்கிழமை தோறும் ஒரு பள்ளிக்கு வந்துபோக, ஒரு தெரு பொறுப்பேற்கலாம். பிச்சையாக அல்ல, ஆசிரியர் சம்பளமாக. மிருதங்கத்துக்கு வார் மாற்றுகிற செலவை ஒரு கடைக்காரர் ஏற்கலாம். பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு சின்னத் தறியை நிறுத்தலாம்; அதில் நெய்த துணி விற்பனைக்குப் போகவே கூடாது என்று எழுதியும் வைத்துவிடலாம். அந்த ஒரு விதி போதும், வேலைக்கும் வித்தைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தை தெரிந்துகொள்ள. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் கையில் காகிதமும் பென்சிலுமாகப் பிள்ளைகளை அங்கே உட்கார்த்தி வைத்தால், மணற்கல் சிங்கங்கள் யாரிடமும் கட்டணம் கேட்கப் போவதில்லை.

பெரியவரே, நீங்கள் கேட்ட வழி இதுதானா என்று எனக்கு நிச்சயமில்லை. உங்கள் பேத்தி தறிக்கு வர வேண்டாம். தறி அவளிடம் போகட்டும், ஒரு மணி நேரம், பாரமில்லாமல். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

விடிந்ததும் நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, ஊர்க்காரர் இருவர் நோட்டுப் புத்தகத்தோடு வரி பாக்கி வசூலித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பையில் கையை விட்டேன். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “உங்களுக்கு இல்லீங்க. நீங்க விருந்தாளி. ஊர்த் தலைக்கட்டுக்குத்தான் வரி” என்றார்.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சிறு வயதில் இப்படிப்பட்ட மண்ணில் காசில்லாமல் உட்கார்ந்து கேட்ட கதைகளைக் கொண்டுதான் நான் எழுதவே கற்றுக்கொண்டேன். அதை வைத்துத்தான் இவ்வளவு காலமாகப் பிழைத்து வருகிறேன். எந்த ஊர் நோட்டுப் புத்தகத்திலும் என் பெயரில் ஒரு தலைக்கட்டு இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. விருந்தாளியாகவே இருந்துவிட்டேன்.

இந்த வாரம் அலமாரிக்கு மேலிருந்து வீணையை இறக்கினேன். தந்தி மாற்ற வேண்டும். எங்கள் தெரு முனையில் இருக்கிற மாநகராட்சிப் பள்ளியின் தலைமையாசிரியையைப் பார்க்க நாளைக்குப் போகிறேன். பாக்கி நிறைய இருக்கிறது.